ரிசிலியன்ஸ் பயிற்சிக்கு ‘மீள்திறன்’ போதுமா?

மொழிபெயர்ப்புக் குழுவினருக்கு வணக்கம்.

சிங்கப்பூர்க் காவல்துறை உயர் அதிகாரிகளுக்கான தலைமைத்துவ, ரிசிலியன்ஸ் (நெருக்கடியைத் தாங்கி மீளும் ஆற்றல்) பயிற்சி பற்றிய 4 பக்கக் குறிப்பைத் தமிழாக்க வேண்டும். பயிற்சி ஆங்கிலத்தில்தான். தமிழ்க் குறிப்பு, அதிகாரிகளின் குடும்பத்தாருக்கும் இங்குள்ள தமிழ் ஊடகத்துக்கும் போகிறது. ரிசிலியன்ஸுக்கு ‘மீள்திறன்’, எக்சிகியூட்டிவுக்கு ‘நிர்வாகிகள்’, சம்பவத்துக்குப் பிறகு கூடிப் பேசும் டீப்ரீஃபிங்குக்கு ‘விசாரணைக் கூட்டம்’, ஹார்ட் ரேட் வேரியபிலிட்டிக்கு ‘இதயத்துடிப்பு மாறுபாடு’ என்று போட்டிருக்கிறேன். வெள்ளிக்குள் திருத்தம் சொன்னால் உதவியாக இருக்கும்.

வி.

-----

வி., வணக்கம்.

‘நிர்வாகிகள்’ வேண்டாம். சிங்கப்பூரில் அது கோயில் நிர்வாகக் குழுவையும் அலுவலகத்து எக்சிகியூட்டிவையும்தான் நினைவூட்டும். இங்குள்ள 7 காவல் வட்டாரப் பிரிவுகளில் ஒன்றின் கமாண்டரை யாரும் நிர்வாகி என்பதில்லை. ‘உயர் அதிகாரிகள்’ போதும். ‘தலைமைத்துவம்’ இருக்கட்டும். ‘-த்துவம்’ வடமொழி ஒட்டு என்று சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் ‘தலைமைப் பயிற்சி’ என்றால் தலைமைச் செயலகம் போல முதன்மையான பயிற்சி என்றாகிவிடும்.

ரிசிலியன்ஸுக்கு வருகிறேன். ‘ஆபத்திலிருந்து மீண்டார்’ என்கிறோம். மீள வேண்டுமானால் முதலில் மாட்டிக்கொண்டிருக்க வேண்டும், அல்லது விழுந்திருக்க வேண்டும். ஆங்கிலச் சொல்லுக்கு அப்படிக் கட்டாயம் இல்லை. பொறியியலில் அது, ஒரு பொருள் நிரந்தரமாக உருக்குலையாமல் எவ்வளவு ஆற்றலை உள்வாங்கித் திருப்பித் தரும் என்பதன் அளவு. உள்வாங்குவது பாதி, திரும்புவது பாதி. ‘மீள்திறன்’ இரண்டாம் பாதியை மட்டும் சொல்கிறது.

இந்தப் பயிற்சியோ பெரும்பாலும் முதல் பாதியில்தான் நடக்கிறது. மூச்சுப் பயிற்சியைப் பாருங்கள்: 4 விநாடி உள்ளிழுத்து 6 விநாடி வெளிவிடுவது, அதாவது நிமிடத்துக்கு 6 மூச்சு. வெளிமூச்சு நீளும்போது இதயத்துடிப்பு தணியும். எங்கே தவறுகிறது என்றால், ‘ஆழமாக’ என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு வேகமாகவும் இழுப்பார்கள். இரத்தத்தில் கரியமில வாயு குறைந்து தலை சுற்றும், விரல் நுனி மரத்துப்போகும். எனவே குறிப்பில் ‘ஆழ்ந்த மூச்சு’ என்று எழுதாதீர்கள். ‘மெதுமூச்சு’ என்று போடுங்கள். வாக்கி-டாக்கியில் உத்தரவு கொடுப்பதற்கு முன் 3 மெதுமூச்சு விடுபவர் விழவும் இல்லை, மீளவும் இல்லை. நிலைகுலையாமல் இருக்கிறார், அவ்வளவுதான். அதனால் என் பரிந்துரை ‘நிலைகுலையாமை’.

எதிர்மறைச் சொல்லா என்று கேட்பீர்கள். தமிழுக்கு அது புதிதல்ல. குறளில் அரசியல் பகுதி 39ஆம் அதிகாரத்தில் தொடங்கி 63இல் முடிகிறது. அந்தக் கடைசி அதிகாரத்தின் பெயர் ‘இடுக்கண் அழியாமை’. ஆள்பவருக்கு வேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டு வள்ளுவர் வந்து நிற்கிற இடம் அது.

‘விசாரணைக் கூட்டம்’ ஆபத்து. காவலரிடம் விசாரணை என்றால் வாயை மூடிக்கொள்வார். தவிர, டீப்ரீஃபிங்கில் இரண்டு வகை உண்டு, தமிழில் கட்டாயம் பிரிக்க வேண்டும். ஒன்று, எது திட்டம், எது நடந்தது, ஏன் வேறுபட்டது, அடுத்த முறை என்ன செய்வது என்ற 4 கேள்விகளால் ஆனது. இது ‘செயல் மீளாய்வு’. இன்னொன்று மனத்தாக்கம் பற்றியது. அமெரிக்கரான ஜெஃப்ரி மிட்செல் 1983இல் வகுத்த, கட்டம் கட்டமாகப் பேசவைக்கும் முறை உலகெங்கும் பரவியது. ஆனால், கோரமான சம்பவத்துக்குப் பிறகு எல்லாரையும் கட்டாயமாக உட்கார வைத்து ஒரே அமர்வில் கொட்டச் சொல்வது அதிர்ச்சிக்குப் பிந்தைய மன உளைச்சல் நோயைத் தடுப்பதில்லை என்று, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பின் 2002 மீளாய்வு காட்டியது. சிலருக்குக் கெடுதலும் ஆகலாம். இப்போது பரிந்துரைப்பது உளவியல் முதலுதவி: பார்த்தல், கேட்டல், இணைத்தல். இந்த இரண்டாம் வகைக்குப் ‘பணிப்பின் உரையாடல்’ என்று வைக்கலாம்.

‘இதயத்துடிப்பு மாறுபாடு’ என்று படிக்கும் மனைவி, கணவருக்கு இதயக் கோளாறு என்றே நினைப்பார். இங்கே அளப்பது ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதை. ஓய்வு நிலையில் அது ஓரளவு கூடுதலாக இருப்பது பொதுவாக நல்லது. ‘துடிப்பிடை நெகிழ்வு’ என்றால் அச்சம் தராது.

செ.

-----

செ. ஐயாவுக்கு வணக்கம்.

மெதுமூச்சுக்கும் துடிப்பிடை நெகிழ்வுக்கும் கைதட்டல். மற்றதில் இரண்டு தடைகள்.

ஒன்று, ‘பணிப்பின்’ என்று சேர்த்தெழுதினால் பணிப்பு + இன் என்று பிரியும். மேலிடத்து ஆணையைப் பற்றிய உரையாடல் ஆகிவிடும்! ‘பணிக்குப் பிந்தைய உரையாடல்’ என்று விரித்தே எழுதலாம், காகிதம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

இரண்டு, ‘நிலைகுலையாமை’ தனிமனிதருக்குப் பொருந்தும். உயர் அதிகாரிக்கான பயிற்சியில் பாதி அவரைப் பற்றியதே அல்ல. அவருக்குக் கீழே இருக்கும் ஷிஃப்டைப் பற்றியது. 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது உள்ளவரின் அளவுக்கு இறங்குகிறது என்று 1997இல் ஆய்வாளர்கள் டாசன், ரீட் இருவரும் அளந்து காட்டினார்கள். 24 மணி நேரத்தில் அது ஏறத்தாழ 0.10. சிங்கப்பூரில் வாகனம் ஓட்டச் சட்டம் விடும் வரம்பு 0.08. இரவுப் பணி முடித்தவரை நேரே நீதிமன்றத்துக்கு அனுப்பும் பணிப்பட்டியலை வைத்துக்கொண்டு, ‘நிலைகுலையாதே’ என்று அவரிடம் சொல்வது பொறுப்பைத் தள்ளிவிடுவது. பட்டியலை மாற்றுவது அதிகாரியின் கையில் இருக்கிறது. அணிக்கும் அமைப்புக்கும் ‘தாங்குதிறன்’ சரிவரும். பாலம் எவ்வளவு பாரம் தாங்கும் என்று கேட்டால், பாரத்தை ஏற்றியவர் யார் என்ற கேள்வியும் கூடவே வரும்.

‘மீள்திறனை’ அடியோடு விடவும் முடியாது. இணையத்தில் தேடுபவர் அதைத்தான் தட்டெழுதுவார்.

ம.

-----

ம. அம்மா சொன்ன பாலத்தை ஏற்கிறேன். ஆனால் தாங்குதிறன் என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றலாம் என்று படிக்கிற மேலதிகாரியும் உண்டு. அதனால் அந்தச் சொல் வரும் பத்தியிலேயே பணிநேர வரம்பும் வரட்டும். தலைப்பில் மீள்திறன், உள்ளே அதிகாரிக்கு நிலைகுலையாமை, அணிக்குத் தாங்குதிறன், சம்பவத்துக்குப் பிறகு மட்டும் மீள்தல். வி., ஒரே பத்தியில் மூன்றையும் கலந்துவிடாதீர்கள்.

செ.

-----

நன்றி ஐயா, நன்றி அம்மா. மாற்றிவிட்டேன். ‘உளவியல் முதலுதவி’ பகுதியில் ‘இணைத்தல்’ மட்டும் இடிக்கிறது. யாரை யாரோடு என்று குடும்பத்தார் கேட்பார்கள். ‘உதவியிடம் சேர்த்தல்’ என்று போடட்டுமா?

வி.