பின் சக்கரத்திலிருந்து ஊளைச் சத்தம்: டயரா, பேரிங்கா? உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

2024 ஏப்ரலில் தொடங்கியது. சின்ன ஹேட்ச்பேக், 62,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி. வேகம் 50-ஐத் தாண்டினால் பின்பக்கமிருந்து 'ஊங்ங்' என்று ஒரு முனகல், 70, 80-ல் அது உச்சத்துக்குப் போகும், பாட்டைக் கூட்டி வைத்தால் கேட்காது என்பதால் நானும் ஒரு மாதம் பாட்டைக் கூட்டித்தான் வைத்திருந்தேன். திண்டிவனம் போகும்போது பின் சீட்டில் இருந்த அப்பாதான், "என்னடா இது, மாவு மில்லுக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு" என்றார்.

சர்வீஸ் சென்டரில் விட்டேன். ஒரு ரவுண்டு ஓட்டிக்கூடப் பார்க்காமல், குனிந்து டயரைப் பார்த்துவிட்டு, "டயர் சத்தம்தான் சார், பின்னாடி ரெண்டையும் மாத்திடுங்க" என்றார்கள். மாற்றினேன், 9,000 ரூபாய்க்கு மேல் ஆனது. வெளியே வந்து மேம்பாலம் ஏறியதும் அதே ஊங்ங்.

அப்புறம் தெருமுனையில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் அண்ணனிடம் போனேன். அவர் சாவியை வாங்கவில்லை. "நீங்க ஓட்டுங்க, நான் பின்னாடி உக்கார்றேன்" என்றார். 60-ல் போகும்போது நியூட்ரலில் போடச் சொன்னார். இன்ஜின் சத்தம் இறங்கியது, முனகல் மட்டும் அப்படியே இருந்தது, சரி, இன்ஜின் இல்லை. பிறகு காலி ரோட்டில் ஸ்டியரிங்கை மெதுவாக இடமும் வலமும் வளைக்கச் சொன்னார். இடப்பக்கம் வளைத்தால் சத்தம் கூடியது, வலப்பக்கம் வளைத்தால் கிட்டத்தட்ட அடங்கிவிட்டது. என் காதுக்கு இடது பின் சக்கரம்தான் கத்துவது போல இருந்தது, அவரோ வலது என்றார். வண்டி இடப்பக்கம் திரும்பும்போது பாரம் வலது சக்கரங்கள் மேல் சாய்கிறது, கெட்டுப்போன பேரிங் (சக்கரம் சுழல நடுவில் இருக்கும் குண்டு வளையம்) பாரம் ஏறினால்தான் அதிகம் கத்தும். காருக்குள் சத்தம் தகரத்தில் பரவி வருவதால் எந்தப் பக்கம் என்று காதை நம்பிச் சொல்லக் கூடாதாம்.

ஷெட்டில் முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுத்துவிட்டு (எடுக்காவிட்டால் பின் சக்கரம் எங்கே சுற்றும்?) பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கினார். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தால் துளி ஆட்டம் இல்லை. எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. "ஆட்டம் வர்ற வரைக்கும் விட்டா அது ரொம்ப லேட்டு" என்று சொல்லி, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு என் கையைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சுருள் ஸ்பிரிங் மேல் வைக்கச் சொன்னார். இடது பக்கம் ஒன்றுமே தெரியவில்லை. வலது பக்கம் விரல் நுனியில் நறநறவென்று, கல் கிடக்கும் சோற்றை மென்றது போல.

பிரேக் டிரம்மைக் கழற்றி பேரிங்கின் சீலைப் பெயர்த்தால் கிரீஸ் பால் விட்ட காபி நிறத்தில் இருந்தது. "வண்டி தண்ணியில நின்னுச்சா?" என்று கேட்டார். நின்றதுதான். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், வேளச்சேரி, இரண்டு நாள் பாதிச் சக்கரம் முழுகக் கிடந்தது. உள்ளே போன தண்ணீர் கிரீஸைக் கெடுத்து, குண்டு உருளும் பாதையில் துருப் புள்ளி விழுந்து, நாலு மாதம் கழித்துப் பேச ஆரம்பித்திருக்கிறது. இடதும் அதே தண்ணீரில்தானே கிடந்தது என்று இரண்டையும் மாற்றினேன். டயருக்குக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை.

———

உங்கள் கதைக்கு நேர் எதிர் என்னுடையது. அதே மாதிரி ஊளை, எல்லோரும் பேரிங் என்றார்கள், பேரிங்கும் மாற்றியாயிற்று, சத்தம் நிற்கவில்லை. கடைசியில் டயர் கடைப் பையன் டயர் மேல் உள்ளங்கையை வைத்துத் தடவிப் பார்க்கச் சொன்னான். ஒரு திசையில் வழவழவென்று போகிறது, எதிர்த்திசையில் ரம்பப் பல் மாதிரி கையில் மாட்டுகிறது. 25,000 கிலோமீட்டருக்கு டயரை முன்பின் மாற்றிப் போடாமலே ஓட்டியிருக்கிறேன், போதாக்குறைக்கு ஷாக் அப்சார்பரும் தளர்ந்திருந்தது. பின் டயர்களை முன்னால் போட்டதும் சத்தமும் கூடவே முன்னால் வந்துவிட்டது! காசு செலவழிக்கும் முன் இதைச் செய்திருந்தால் அரை மணி நேரத்தில் தெரிந்திருக்கும். இன்னொன்று, சிமெண்ட் ரோட்டில் ஓட்டி முடிவெடுக்காதீர்கள், அங்கே நல்ல டயரும் இரையும்.

———

எனக்கு ஊளை இல்லை, உரசல். நாகர்கோவிலில் ஐப்பசி மழையில் வண்டியை ஹேண்ட் பிரேக் போட்டு பத்து நாள் நிறுத்தியிருந்தேன். எடுக்கும்போது பின்னால் 'டங்' என்று ஒரு சத்தம், பயந்தே போனேன். டிரம்மை உள்ளிருந்து அழுத்திப் பிடிக்கும் பிரேக் ஷூ, அந்த டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நாலு தடவை பிரேக் பிடித்தால் துரு போய்விடும் என்றார்கள், போகவில்லை, ஒரு பக்கம் 'சர்ர் சர்ர்' என்று சக்கரச் சுற்றுக்கு ஒருமுறை வந்துகொண்டே இருந்தது. பத்துக் கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, தொடாமல் ரிம்முக்குப் பக்கத்தில் கையைக் காட்டினேன், இடது பின்னால் மட்டும் தோசைக்கல் அனல். ஹேண்ட் பிரேக் கேபிள் இறுகி, ஷூ விலகாமல் உரசியபடியே இருந்ததாம். இப்போதெல்லாம் சமதரையில் நாள் கணக்கில் நிறுத்தினால் முதல் கியரும் சக்கரத்துக்கு ஒரு கல்லும், அவ்வளவுதான்.

———

என் கதையைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஸ்பீட் பிரேக்கர் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் வலது பின்னால் 'டொக்'. ஒரு இடத்தில் ஷாக் அப்சார்பர் என்றார்கள், இன்னொரு இடத்தில் சஸ்பென்ஷன் மூட்டில் இருக்கும் ரப்பர் புஷ் போய்விட்டது என்றார்கள். புஷ் வாங்கியும் வைத்துவிட்டேன். மாற்றப் போன இடத்தில், முதலில் டிக்கியைக் காலி பண்ணிட்டு வாங்க என்று திருப்பி அனுப்பினார்கள். ஸ்டெப்னிக்குப் பக்கத்துக் குழியில், ஆயுத பூஜைக்கு வாங்கி உடைக்காமல் விட்ட தேங்காய். இரண்டு மாதமாக என்னோடு ஊர் சுற்றியிருக்கிறது. உடைத்துப் பார்த்தோம், சட்னிக்கு ஆகவில்லை.