என் வகுப்பை நானே எப்படி மதிப்பிடுவது? உதவுங்கள்

வணக்கம். மொரிஷியஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதலாண்டு மாணவர்களுக்குப் புள்ளியியல் எடுக்கிறேன், இது மூன்றாவது வருடம். பருவ முடிவில் மாணவர்கள் நிரப்பும் படிவத்தில் எனக்கு நல்ல பெயர்தான் வருகிறது, ஆனால் விடைத்தாள் திருத்தும்போது பாதிப் பேருக்குத் திட்ட விலக்கம் (எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் அளவு) எதற்கு என்றே புரியவில்லை என்று தெரிகிறது, மனசு கேட்கவில்லை.

போன வாரம் என் வகுப்பைப் போனில் பதிவு செய்து கேட்டேன். "புரிந்ததா?" என்று கேட்டுவிட்டு 3 விநாடிகூடக் காத்திருக்காமல் அடுத்ததற்குப் போய்விடுகிறேன். பாடம் ஆங்கிலத்தில், வெளியே வந்ததும் அதே பிள்ளைகள் இங்குள்ள பேச்சு மொழியான கிரியோலில் ஒருவருக்கொருவர் விளக்கிக்கொள்கிறார்கள், அதைக் கேட்டால்தான் எங்கே தடுமாறினார்கள் என்று எனக்கே விளங்குகிறது.

தன் அனுபவம், மாணவர் பார்வை, சக ஆசிரியர், ஆய்வு நூல்கள் என்று நான்கு பக்கமிருந்தும் பார்க்கச் சொல்கிறார், ஆசிரியர்கள் தங்கள் கற்பித்தலைத் தாங்களே சீர்தூக்கிப் பார்ப்பது பற்றி எழுதிய கல்வியாளர் ஸ்டீபன் புரூக்ஃபீல்ட். சரி, சக ஆசிரியரை வகுப்பில் வந்து உட்காரச் சொல்லத்தான் தயக்கமாக இருக்கிறது. அப்புறம், பருவத்தின் நடுவிலேயே, பெயர் எழுதாத துண்டுச் சீட்டில் "இன்று எது புரியவில்லை" என்று எழுதி வாங்கியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? கிரியோலிலேயே எழுதச் சொன்னீர்களா? அதை வைத்து அடுத்த வகுப்பில் எதை மாற்றினீர்கள்? வகுப்பு முடிந்ததும் குறிப்பு எழுதி வைக்கிறவர்கள் ஒரு பக்கத்தைப் படம் எடுத்துப் போட்டாலும் போதும். பருவம் முடிய இன்னும் 6 வாரம் இருக்கிறது.