மறு: ‘பிட் ஃபிளிப்’ – பிறழ்வா, புரட்டலா, புரளலா?

அனைவருக்கும் வணக்கம்.

நினைவகச் சோதனைக் கருவி ஒன்றின் உதவிப்பக்கங்களைத் தமிழாக்கும் வேலை ‘பிட் ஃபிளிப்’ என்ற சொல்லில் வந்து நிற்கிறது. நினைவகத்தின் (ரேமின்) மிகச் சிறிய அலகான பிட்டில் 0 என்று எழுதியது 1 ஆகவோ, 1 என்று எழுதியது 0 ஆகவோ மாறிக் கிடப்பதுதான் பொருள். இதுவரை வந்த பரிந்துரைகள்: பிட் பிறழ்வு, பிட் புரட்டல், பிட் திரிபு. சாஃப்ட் எர்ரர், ஹார்டு எர்ரர் இரண்டுக்கும் வரைவில் மென்பிழை, வன்பிழை என்று இட்டிருக்கிறோம். உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

———

> மென்பிழை, வன்பிழை என்று இட்டிருக்கிறோம்

இவை இரண்டும் வேண்டாம். மென்பிழை என்று படிப்பவர் மென்பொருள் பிழை என்றுதான் எடுத்துக்கொள்வார். சாஃப்ட் எர்ரர் நடப்பதோ சில்லுக்குள். சில்லின் உறைப்பொருளில் கலந்திருந்த கதிரியக்கத் தனிமங்களின் ஆல்ஃபா துகள்களே நினைவகத்தின் பிட்டை மாற்றுகின்றன என்பதை 1978இல் இன்டெல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். சில்லு பழுதாகவில்லை, அதில் இருந்த மதிப்பு மட்டும் மாறியது. மறுபடி எழுதினால் சரியாகிவிடும். அந்தத் தற்காலிகத் தன்மையைத்தான் அங்கே ‘சாஃப்ட்’ குறிக்கிறது. சில்லே பழுதாகி நிலைத்துவிட்ட பிழை ‘ஹார்டு’.

இதை வலியுறுத்தக் காரணம் உண்டு. வீட்டுக் கணினி காரணம் தெரியாமல் விழுகிறது: இன்று நீலத்திரையில் ‘மெமரி மேனேஜ்மென்ட்’, நாளை ‘பேஜ் ஃபால்ட் இன் நான்பேஜ்டு ஏரியா’, இன்னொரு நாள் உலாவி மட்டும் மூடிக்கொள்கிறது. (ஒவ்வொரு முறையும் அதே குறிப்பு, அதே டிரைவர் (வன்பொருளை இயக்கும் மென்பொருள்) கோப்பின் பெயர் என்றால் முதலில் அந்த டிரைவரைப் பாருங்கள். குறிப்பு மாறி மாறி வந்தால்தான் நினைவகத்தின் மேல் சந்தேகம்.) இந்த நிலையில் ‘மென்பிழை’ என்று படித்தவர் விண்டோஸை மறுபடி நிறுவுவார். நிறுவும்போது எல்லாக் கோப்பும் பிழை செய்யும் அந்த ரேம் வழியாகத்தான் வட்டுக்குப் போகும். கெட்டுப்போன கோப்புகளோடு ஒரு புதிய இயங்குதளம் கிடைக்கும். சொல் தவறினால் செயலும் தவறும்.

———

பிறழ்வு, புரட்டல் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மரபணுப் பிறழ்வு, மனப்பிறழ்வு என்று ‘பிறழ்வு’ ஏற்கெனவே இரண்டு துறைகளில் வேரூன்றிவிட்டது. அதைவிட, பிறழ்வு எத்தனையோ வகையில் நேரலாம். பிட்டுக்கு இருப்பவை இரண்டே நிலைகள், ஒன்றிலிருந்து மற்றதற்குக் கவிழ்வது மட்டுமே நடக்கும். ‘திரிபு’ம் அதனாலேயே பொருந்தாது.

‘புரட்டல்’ பொருளில் நெருங்குகிறது, ஆனால் அது பிறவினை. புரட்டினால் புரட்டியவர் ஒருவர் வேண்டும். கணக்கைப் புரட்டினார் என்றால் ஏமாற்று. இங்கே யாரும் எதையும் செய்யவில்லை, பிட் தானாகப் புரண்டது. எனவே தன்வினையில் ‘பிட் புரளல்’. வினையாகவும் இயல்பாக வரும்: ‘17ஆவது பிட் புரண்டிருக்கிறது.’

புரட்டலை எறிந்துவிடவும் வேண்டாம். ரோஹேமர் தாக்குதலில் நினைவகத்தின் ஒரு வரிசையை மிக வேகமாகத் திரும்பத் திரும்ப அணுகி, பக்கத்து வரிசையின் பிட்டுகளை வேண்டுமென்றே மாற்றுகிறார்கள். அங்கே செய்பவர் உண்டு; அது ‘பிட் புரட்டல்’.

———

‘புரளல்’ எனக்கும் உடன்பாடு. ஆனால் கருவி காட்டும் எல்லாப் பிழையும் புரளல் இல்லை என்பதைப் பக்கம் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டும்.

திரையில் இப்படி வருகிறது என்று வைப்போம்: எதிர்பார்த்தது 00000000, கிடைத்தது 00000010. அதே முகவரி, அதே இடம், ஒவ்வொரு சுற்றிலும். இந்த பிட் எங்கும் புரளவில்லை. எதை எழுதினாலும் 1 என்றே நிற்கிறது. இதற்கு ‘உறைந்த பிட்’ என்று தனிச்சொல் வேண்டும். கருவி முதலில் எல்லா இடத்திலும் 0 எழுதிப் படித்து, பிறகு எல்லா இடத்திலும் 1 எழுதிப் படிப்பது இதைப் பிடிக்கத்தான்: 1இல் உறைந்தது இரண்டாவது சோதனையில் தப்பிவிடும், முதலாவதில் மாட்டும்.

மூன்றாவது வகைதான் வீடுகளில் அடிக்கடி தலைவலி தருவது. சில்லில் பழுது இல்லை, ஆனால் அதன் தாங்குதிறனுக்கு மேல் வேகம் வைத்திருக்கிறது. டிடிஆர்4 ரேமின் தர மின்னழுத்தம் 1.2 வோல்ட், எக்ஸ்எம்பியை (ரேமைத் தர வேகத்துக்கு மேல் ஓட்டும் பயாஸ் அமைப்பு) இயக்கினால் பெரும்பாலும் 1.35 வோல்ட்டும் கூடுதல் வேகமும் அமையும். அந்த வேகத்தை ரேம் தாங்கினாலும் செயலிக்குள் இருக்கும் நினைவகக் கட்டுப்படுத்தி தாங்காமல் போகலாம், குறிப்பாக நான்கு ஸ்லாட்டும் நிரம்பியிருந்தால். பிட்டுகள் வெவ்வேறு முகவரிகளில், இங்கொன்றும் அங்கொன்றுமாகப் புரளும். சூடேறிய பிறகே தொடங்குவதும் உண்டு. ஹார்டு, சாஃப்ட் என்ற இருபிரிவில் இது சரியாக அடங்காது. ஆகவே இப்படிப் பிரிக்கலாம்: ஒருமுறைப் புரளல், தொடர் புரளல், உறைந்த பிட். படிப்பவர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது இந்த மூன்றிலும் வேறுபடுகிறது.

———

மூன்று சொற்களையும் ஏற்று, பிழைப்பக்கத்தை இப்படி மாற்றியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

“ஒரே ஒரு பிழை வந்தாலும் சோதனை தோல்விதான். காரணம் தெரியும்வரை முக்கியமான கோப்புகளைச் சேமிக்கவோ இயங்குதளத்தை நிறுவவோ வேண்டாம்.

முதலில் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போவை (ஏஎம்டி கணினிகளில் அதே வேலையைச் செய்வது) அணைத்துவிட்டு 4 சுற்று ஓட்டுங்கள். பிழை மறைந்தால் அது வேகத்தால் வந்த தொடர் புரளல். ரேமை மாற்றத் தேவையில்லை. வேகத்தை ஒரு படி குறைத்து வைத்து மறுபடி சோதியுங்கள்.

பிழை நீடித்தால் கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பவர் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். ரேமைக் கழற்றி, பள்ளம் பொருந்தும்படி வைத்து, ‘கிளிக்’ என்று பூட்டும்வரை அழுத்துங்கள். சரியாக உட்காராத ரேமும் உறைந்த பிட் போலவே காட்டும். அதன் பிறகும் பிழை வந்தால் ஒரே ஸ்லாட்டில் ஒவ்வொரு ரேமாக மாட்டிச் சோதியுங்கள். ஒன்று மட்டும் தோற்றால் அதுதான் பழுது. எல்லாமே தோற்றால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள்; வேறு ஸ்லாட்டில் தேறினால் குறை மதர்போர்டிலோ செயலியிலோ, அல்லது செயலியின் சாக்கெட்டில் வளைந்த ஊசியிலோ.

பலமுறை ஓட்டியும் திரும்ப வராத பிழை ஒருமுறைப் புரளலாக இருக்கலாம். இரவு முழுவதும் ஓடவிட்டு உறுதிசெய்யுங்கள்.”

———

நன்று. இரண்டு சேர்க்கைகள். பழுதை நீக்கிய பிறகு வட்டில் ஏற்கெனவே கெட்ட கோப்புகள் அப்படியே இருக்கும்; இயங்குதளக் கோப்புகளைச் சரிபார்க்கச் சொல்லி ஒரு வரி வேண்டும். இன்னொன்று, பெரிய கோப்பு ஒன்றின் செக்சம்மை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) இருமுறை கணக்கிட்டு ஒப்பிடும் எளிய சோதனையையும் சேர்க்கலாம். விடை மாறினால் ரேமைச் சந்தேகிக்கலாம். கோப்பு ரேமின் அளவைவிடப் பெரிதாக இருக்க வேண்டும் என்பதை மறக்காமல் எழுதுங்கள். சிறிதாக இருந்தால் இரண்டாம் முறையும் நினைவகத்தில் தங்கிய அதே நகலையே படித்து, அதே தவறான விடையைத் தரக்கூடும்.