ஜெம் ஆர்டர்: 72 நாளாச்சு, பணம் வரலை. அடுத்த பிட்டும் இ.எம்.டி இல்லைன்னு தள்ளிட்டாங்க

வியாசை_பீரோ

வணக்கம். வியாசர்பாடியில சின்ன ஃபேப்ரிகேஷன் யூனிட். ஸ்டீல் பீரோ, ரேக் செய்யறோம். ஜெம் போர்ட்டல்ல, அதான் அரசு அலுவலகங்கள் பொருள் வாங்கற தளத்துல, மூணு சிக்கல்.

1. ஒரு மத்திய அரசு அலுவலகத்துக்கு 30 பீரோ. ஒண்ணு 12,500. ஜி.எஸ்.டி சேர்த்து மொத்தம் 4,42,500. மார்ச் 3 அன்னைக்கு இறக்கியாச்சு, சலான்ல ஸ்டோர்ஸ் சீல் இருக்கு. இன்னைக்கு மே 14. சி.ஆர்.ஏ.சி, அதாவது சரக்கை ஏத்துக்கிட்டதுக்கான சான்று, இன்னும் போடலை. போன் பண்ணினா "ஷீட் மெலிசா இருக்கு, சார் பார்க்கணும்"னு சொல்றாங்க. எழுத்துல ஒண்ணும் தரலை. ஸ்பெக் 0.8 மி.மீ.

2. வேற ஒரு பிட்ல (டெண்டர்ல) இ.எம்.டி, அதாவது டெண்டர் முன்வைப்புத் தொகை, கட்டாம இருக்க எம்.எஸ்.இ (குறு, சிறு தொழில்) விலக்கு கேட்டு உத்யம் (சிறுதொழில் பதிவு) சான்றிதழ் ஏத்தினேன். "இ.எம்.டி கட்டவில்லை"ன்னு டெக்னிக்கல்லயே தள்ளிட்டாங்க.

3. இதுக்கு முன்னாடி முடிஞ்ச ஆர்டர் 3,50,000 + 18% = 4,13,000. பேங்க்ல வந்தது 4,06,000. 7,000 எங்க போச்சு?

ராயபுரம்_கணக்கு

மூணாவது எளிது, அதை முதல்ல முடிச்சிடலாம். அது ஜி.எஸ்.டி டி.டி.எஸ், பணம் கொடுக்கும்போதே பிடிச்சுக்கிற வரி. ஜி.எஸ்.டி சட்டம் 51-வது பிரிவு. ஒப்பந்த மதிப்பு வரி நீங்கலா 2.5 லட்சத்தைத் தாண்டினா அரசுத் துறை 2% பிடிக்கணும். 3,50,000-க்கு 2% சரியா 7,000. பார்க்கிறது ஒப்பந்த மதிப்பைத்தான், பில் மதிப்பை இல்லை. அதனால பகுதி பில் ஒரு லட்சத்துக்குப் போட்டாலும் பிடிப்பாங்க.

பணம் தொலையலை. ஜி.எஸ்.டி போர்ட்டல்ல ரிட்டர்ன்ஸ் மெனுவுக்குள்ள "டி.டி.எஸ், டி.சி.எஸ் கிரெடிட் ரிசீவ்டு"ன்னு ஒண்ணு இருக்கும். அதுல அந்த வரியை அக்செப்ட் கொடுத்து ஃபைல் பண்ணினாதான் உங்க கேஷ் லெட்ஜருக்கு வரும். தானா வராது. நிறைய பேர் வருஷக்கணக்கா அங்கேயே விட்டு வைக்கிறாங்க. அங்க வரியே தெரியலைன்னா, பிடிச்ச அலுவலகம் ஜி.எஸ்.டி.ஆர்-7 (டி.டி.எஸ் பிடிச்சவங்க போடற ரிட்டர்ன்) போடலை, இல்லைன்னா உங்க ஜி.எஸ்.டி நம்பரைத் தப்பா அடிச்சிருக்காங்க. டி.டி.ஓ-வுக்கு (அந்த அலுவலகத்துல பணம் பட்டுவாடா பண்ற அதிகாரி) ஒரு மெயில் போடுங்க.

எல்1_கொடுங்கையூர்

ரெண்டாவதுக்கு வரேன். அண்ணே, உத்யம் சான்றிதழை இப்பவே திறந்து "மேஜர் ஆக்டிவிட்டி" என்ன போட்டிருக்குன்னு பாருங்க. கீழே என்.ஐ.சி கோடு (தொழில் வகை எண்) அட்டவணையையும் பாருங்க.

எம்.எஸ்.இ-க்கான இ.எம்.டி விலக்கு தயாரிப்பாளருக்கும் சேவை தர்றவருக்கும்தான். டிரேடருக்குக் கிடையாது. 2021 ஜூலையில சில்லறை, மொத்த வியாபாரிங்களையும் உத்யம்ல சேர்த்தாங்க. ஆனா அது வங்கிக் கடன்ல முன்னுரிமைத் துறையா கணக்கு வைக்க மட்டும்தான். கொள்முதல் சலுகை எதுவும் அதுல வராது. ப்ரவுசிங் சென்டர்ல பதிவு போட்டிருந்தா "கடை"ன்னு நினைச்சு 46 அல்லது 47-ல ஆரம்பிக்கிற கோடைப் போட்டிருப்பாங்க. பட்டறை வச்சிருக்கிற ஆளு காகிதத்துல வியாபாரி ஆயிடுவாரு.

இன்னொரு இடத்திலயும் இதே வினை. ஜெம்ல பொருள் ஏத்தும்போது புதுசா கேட்டலாக் போட சோம்பல்பட்டு, ஏற்கெனவே இருக்கிற வேற பிராண்ட் கேட்டலாக்கோட சேர்த்துக்கிட்டா நீங்க அந்தப் பிராண்டோட ரீசெல்லர். உத்யம்ல உற்பத்தின்னு இருந்தாலும் அந்தப் பிட்ல நீங்க டிரேடர்தான்.

வியாசை_பீரோ

பார்த்துட்டேன். மேஜர் ஆக்டிவிட்டி டிரேடிங். கோடு 47-ல ஆரம்பிக்குது. கேட்டலாக்கும் நீங்க சொன்ன மாதிரிதான், வேற பிராண்டோட சேர்த்திருக்கேன். டிஸ்குவாலிஃபை ஆகி நாலு நாள் ஆச்சு. ஏதாவது பண்ண முடியுமா?

எல்1_கொடுங்கையூர்

அந்தப் பிட்டை விட்டுடுங்க. ரெப்ரசென்டேஷன் (நிராகரிப்பை எதிர்த்து மனு) கொடுக்க பொதுவா 48 மணி நேரம்தான், அது போயிடுச்சு. நேரத்துல கொடுத்திருந்தாலும் அந்தச் சான்றிதழோட நிக்காது.

அடுத்ததுக்குத் தயார் ஆகுங்க. உத்யம் தளத்துல அப்டேட் பகுதிக்குப் போய் ஆதார் ஓ.டி.பி போட்டு உற்பத்தின்னு மாத்துங்க. உலோக அறைகலன் தயாரிப்பு 31-வது டிவிஷன்ல வரும், பட்டியல்லயே தேடி எடுக்கலாம். கட்டணம் ஒரு ரூபாய் கிடையாது. ஆயிரம் ரெண்டாயிரம் கேட்டா அது போலித் தளம், இல்லைன்னா புரோக்கர். மாத்தின பிறகு ஜெம் ப்ரொஃபைல்ல உத்யமைத் திரும்ப வெரிஃபை பண்ணணும். இதை மறந்தா ஜெம்ல பழைய விவரமே நிக்கும். கேட்டலாக்கை உங்க தயாரிப்பா தனியா ஏத்துங்க.

யூனிட் கரண்ட் கனெக்ஷன் எந்த டாரிஃப்? கமர்ஷியல்னா அது 5, தொழிற்சாலைன்னா 3-பி. உற்பத்தியாளர்னு சொல்லிட்டு 5-ல பில் இருந்தா நேர்ல பார்க்க வர்றவங்க முதல் கேள்வியே அதுதான் கேப்பாங்க.

கஷ்டத்துக்குப் பலன் உண்டு. மத்திய கொள்முதல் கொள்கையில 358 பொருள் சிறு, குறு யூனிட்டுக்குன்னே ஒதுக்கினது. ஸ்டீல் பீரோ, ஸ்டீல் ரேக் ரெண்டும் அந்தப் பட்டியல்ல இருக்கு.

சாத்தாங்காடு_ஷீட்

முதல் சிக்கல்ல யாரும் ஷீட்டைப் பத்திப் பேசலையே. கடிதம் எழுதறதுக்கு முன்னாடி உங்க சரக்கு நிஜமாவே 0.8 தானான்னு தெரிஞ்சுக்கோங்க.

இரும்பு மார்க்கெட்ல "22 கேஜ்"னு கேட்டு வாங்கியிருந்தா மாட்டிக்கிட்டீங்க. எஸ்.டபிள்யூ.ஜி (பிரிட்டிஷ் கேஜ் அளவு) கணக்குல 22 கேஜ் 0.711 மி.மீ. 20 கேஜ் 0.914. 0.8-க்குப் பக்கத்துல வர்றது 21 கேஜ், 0.813. அதனால கடையில கேஜ்ல பேசாதீங்க, மில்லிமீட்டர்ல பேசுங்க. பில்லுலயும் மில்லிமீட்டர்லயே எழுதி வாங்குங்க, கூடவே மில் டெஸ்ட் சர்டிஃபிகேட்.

பெயின்ட் அடிச்ச கதவுல மைக்ரோமீட்டர் வைக்காதீங்க. பவுடர் கோட்டிங் ஒரு பக்கம் 50, 60 மைக்ரான். ரெண்டு பக்கமும் சேர்ந்தா 0.1 மி.மீ ஏறிடும். 0.71 ஷீட் 0.81 காட்டும். ஸ்டோர்ஸ்ல விஷயம் தெரிஞ்ச ஆள் ஒரு ஓரத்தைச் சுரண்டிட்டுத்தான் அளப்பார்.

எடை போட்டும் பார்க்கலாம். 8×4 அடி ஷீட் 0.8-ன்னா சுமார் 18.7 கிலோ. 0.71-ன்னா 16.6 கிலோ. வாங்கின பில்லுல எத்தனை ஷீட், எத்தனை கிலோன்னு இருக்கும். வகுத்துப் பாருங்க.

நிஜமாவே மெலிசுன்னா சண்டை போடாதீங்க. மாத்திக் கொடுங்க. தாமதத்துக்கு வாரம் 0.5%, அதிகபட்சம் 10% பிடிப்பாங்க. உங்க பில்லுக்கு அது 44,250-க்கு மேல போகாது.

காசிமேடு_சப்ளை

இவ்வளவு எதுக்கு? நேர்ல போய் அந்த ஆளைக் "கவனிச்சா" ஒரே நாள்ல சி.ஆர்.ஏ.சி வந்துடும்.

ராயபுரம்_கணக்கு

வேணாம் சார். 2018 திருத்தத்துக்கு அப்புறம் லஞ்சம் கொடுக்கிறதும் குற்றம். கட்டாயப்படுத்தி வாங்கினாங்கன்னா ஏழு நாளைக்குள்ள புகார் கொடுத்தவருக்குத்தான் விலக்கு. கையில சீல் போட்ட சலான் வச்சிருக்கிறவர் எதுக்கு அந்த வழியில போகணும்?

வியாசை_பீரோ

மிச்சம் இருந்த துண்டுல பெயின்ட் இல்லாம அளந்தேன், 0.79. பில்லுல 0.80 சி.ஆர் (கோல்டு ரோல்டு ஷீட்)னு இருக்கு, கிலோ கணக்கும் ஷீட்டுக்கு 18.5 வருது. சரக்கு சரிதான். இப்போ?

சாத்தாங்காடு_ஷீட்

போதும். 0.01 குறைவு ரோலிங் டாலரன்ஸுக்குள்ள வந்துடும். அந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீங்க, பில் காப்பியோட சேர்த்து வைங்க.

ராயபுரம்_கணக்கு

முதல்ல ஜெம் டாஷ்போர்டுல அந்த ஆர்டரைத் திறங்க. இன்வாய்ஸ் போட்டிருப்பீங்க. டெலிவரி தேதியும், சீல் போட்ட சலானும் ஏத்தியிருக்கீங்களா? அதை ஏத்தாம விட்டா போர்ட்டலைப் பொறுத்தவரை சரக்கு இன்னும் வண்டியில இருக்கு. விதிப்படி 48 மணி நேரத்துல பி.ஆர்.சி (சரக்கு வந்ததுக்கான தற்காலிக ரசீது), 10 நாள்ல சி.ஆர்.ஏ.சி, அதுக்கப்புறம் 10 நாள்ல பணம். முதல் படியே ஓடலைன்னா மத்தது எப்படி ஓடும்?

வியாசை_பீரோ

ஏத்தலை சார். இன்வாய்ஸ் மட்டும்தான் போட்டிருந்தேன். இப்பதான் சலானை ஏத்தினேன்.

ராயபுரம்_கணக்கு

இப்போ அதே ஆர்டர்ல இன்சிடென்ட் (போர்ட்டல்லயே புகார்) போடுங்க, காரணம் சி.ஆர்.ஏ.சி தாமதம். அதோட வாங்கின அதிகாரிக்கும் ஸ்டோர்ஸுக்கும் பதிவுத் தபால்ல ஒரே பக்கக் கடிதம். ஒப்பந்த எண், சலான் எண், டெலிவரி தேதி மார்ச் 3, இ-வே பில் எண். "டெலிவரி ஆன 15 நாளுக்குள், அதாவது மார்ச் 18-க்குள், எழுத்துப்பூர்வமான ஆட்சேபம் எதுவும் எங்களுக்கு வரவில்லை. ஷீட் தடிமன் குறித்துச் சந்தேகம் இருந்தால் எங்கள் முன்னிலையில் பெயின்ட் நீக்கி அளக்கும்படி கேட்டுக்கொள்கிறோம்." இவ்வளவு போதும். கோபத்தை எழுதாதீங்க.

அந்த 15 நாள் எதுக்குன்னா, 2006 சிறுதொழில் சட்டப்படி அதுக்குள்ள எழுத்துல ஆட்சேபம் வரலைன்னா சரக்கை ஏத்துக்கிட்டதா அர்த்தம். போன்ல சொன்னது கணக்குல வராது. 45 நாளைக்கு மேல எந்த ஒப்பந்தமும் பணத்தை இழுக்க முடியாது. உங்களுக்கு அது ஏப்ரல் 17. அதுக்கு மேல ரிசர்வ் வங்கியோட வங்கி விகிதத்தைப் போல மூணு மடங்கு, மாசா மாசம் கூட்டு வட்டி. வங்கி விகிதம் 6%னு வச்சா வருஷத்துக்கு 18%. உங்க பில்லுக்கு மூணு மாசத்துல சுமார் 20,200.

ஆனா ஒண்ணு. வட்டி கேட்டு கிண்டியில இருக்கிற ஃபெசிலிடேஷன் கவுன்சிலுக்குப் (சிறுதொழில் பாக்கித் தகராறைத் தீர்க்கிற அமைப்பு) போனா, எதிர்த்தரப்பு முதல்ல எடுக்கிறது உங்க உத்யம் சான்றிதழைத்தான். டிரேடிங்னு இருக்கு. இப்போ மாத்தினாலும் ஒப்பந்தம் போட்ட தேதியில அப்படித்தான் இருந்ததுன்னு வாதாடுவாங்க. ஷீட் வாங்கின பில், கூலி ரெஜிஸ்டர் வச்சு நீங்க உற்பத்தியாளர்னு சொல்லிப் பார்க்கலாம், ஜெயிப்பீங்கன்னு சொல்ல மாட்டேன். அதனால இந்த பில்லுக்கு அசலை வாங்கறதே குறி. கடிதத்துல வட்டியை ஒரு வரியில மட்டும் தொட்டு விடுங்க.

மணலி_ரேக்

இடையில ஒரு சந்தேகம். தமிழ்நாடு அரசு டெண்டர் தளத்திலயும் இதே கதைதானா?

எல்1_கொடுங்கையூர்

சட்டம் வேற. அங்க 1998 டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம். இ.எம்.டி 1%க்கு மேல கேட்க முடியாது. முடிவை எதிர்த்து அரசுக்கு அப்பீல் பண்ண 10 நாள். ஆனா அங்க பாதிப் பேர் விழறது சட்டத்துல இல்லை, பட்டன்ல. கிளாஸ் 3 டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வேணும். விலை எக்செல் ஃபைலோட பேரை மாத்தக் கூடாது, மேக்ரோ ஓடற ஒரிஜினல் எக்செல்லயே நிரப்பணும். எல்லாம் ஏத்தின பிறகு "ஃப்ரீஸ் பிட்" அழுத்தலைன்னா பிட் போடாத மாதிரிதான். கடைசி நாள் மூணு மணின்னா அது சர்வர் கடிகாரம், உங்க சுவர்க் கடிகாரம் இல்லை.

வியாசை_பீரோ

கடிதம் அனுப்பியாச்சு, இன்சிடென்ட்டும் போட்டாச்சு. உத்யம்ல உற்பத்தின்னு மாறிடுச்சு. பார்த்தா கரண்ட் பில் 5-ல இருக்கு. டாரிஃப் மாத்த எங்க கொடுக்கணும்?

எல்1_கொடுங்கையூர்

மின்வாரியத் தளத்துலயே டாரிஃப் மாற்றத்துக்கு விண்ணப்பம் இருக்கு. உத்யம் காப்பி, மெஷின் பட்டியல், ஒவ்வொண்ணோட எச்.பி. வெல்டிங் செட்டை விட்டுடாதீங்க, லோடு கணக்குல அதைத்தான் முதல்ல தேடுவாங்க.