மே மாதம் கிருஷ்ணகிரியிலேயே தங்கலாமா, ஊருக்கு ஓடலாமா?

உப்பளத்தான்
கிருஷ்ணகிரியில் எம்.எஸ்சி. வேதியியல் முதல் வருடம். சொந்த ஊர் வேதாரண்யம் பக்கம். ஏப்ரல் கடைசியில் தேர்வு முடிகிறது, கல்லூரி திறக்க ஜூன் பாதி ஆகிவிடும். அதுவரை ஹாஸ்டல் பூட்டு. கூடப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் பெங்களூருக்குக் கிளம்புகிறார்கள். எனக்கு இங்கேயே ஒரு ரூம் எடுத்து, நெட் (கல்லூரி ஆசிரியர் தகுதித்) தேர்வுக்குப் படித்துக்கொண்டு, பையன்கள் கூட்டம் இல்லாத அமைதியான கிருஷ்ணகிரியில் ஒன்றரை மாதம் இருக்கலாம் என்று ஆசை. வீட்டில் "கிறுக்கா உனக்கு?" என்கிறார்கள். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

எக்ஸ் ஹாஸ்டல்
வீட்டில் சொல்வது சரிதான் தம்பி. நான் பத்து வருடம் முன்னால் இதையே செய்தேன். முதல் வாரம் சொர்க்கம். இரண்டாம் வாரம் மெஸ் அக்கா கடையைச் சாத்திவிட்டு ஊருக்குப் போய்விட்டார். மூன்றாம் வாரம் மொட்டைமாடி ரூமில் ஃபேன் அனல் காற்றை இறக்க, புத்தகத்தைத் திறக்கவே இல்லை. மே 4இல் கத்திரி ஆரம்பித்தால் 28 வரை அந்த மாடி ரூம் அடுப்புதான். 90 கிலோமீட்டரில் பெங்களூரு இருக்கிறது. அங்கே ஏதாவது லேபில் சம்பளமில்லாமல் நின்றாலும் பயோடேட்டாவில் ஒரு வரி சேரும். இங்கே என்ன சேரும், வேர்க்குருவா?

மாங்கொட்டை
எக்ஸ் ஹாஸ்டல் அண்ணா, வேதாரண்யத்துக்காரரிடம் போய் வேர்க்குருவைச் சொல்லிப் பயமுறுத்துகிறீர்களே! கடலோரத்துப் புழுக்கம் இங்கே கிடையாது. வறண்ட வெயில். சாயங்காலம் காற்று திரும்பினால் வாசலில் கட்டில் போடலாம்.

எனக்குப் பிடிக்காதது "அமைதியான கிருஷ்ணகிரி" என்கிற பேச்சுதான், உப்பளத்தாருக்கும் சேர்த்தே சொல்கிறேன். மாணவர்கள் போனதும் ஊர் தூங்கிவிடும் என்று யார் சொன்னது? உங்களுக்கு லீவு விடுகிற நேரத்தில்தான் எங்களுக்கு வேலையே ஆரம்பம். மாம்பழத்தில் செந்தூரா முதலில் இறங்கும், பின்னாலேயே அல்போன்சா, பங்கனப்பள்ளி, மல்கோவா. மண்டியில் விடியற்காலை நாலு மணிக்கே லாரி நிற்கும். எங்கள் தோப்பில் மே மாதம் ஆள் கிடைக்காமல் அப்பா சாப்பாட்டையே மறந்துவிடுவார்.

வேதியியல் படிக்கிறீர்கள், மாங்கூழ் ஃபேக்டரி லேபுக்குப் போய்க் கேளுங்கள். பிரிக்ஸ், அதாவது இனிப்பு அளவு, பார்க்க ரிஃப்ராக்டோமீட்டர், புளிப்பு பார்க்க ஃபீனால்ஃப்தலீன் போட்டு டைட்ரேஷன். உங்கள் காலேஜ் லேபில் செய்கிற அதே வேலைதான். கார்பைடு கல்லால் பழுக்க வைக்கத் தடை, எத்திலீனுக்கு அனுமதி உண்டு. ஏன் என்று பாடப் புத்தகம் ஒரு பத்தியில் முடித்துவிடும். மண்டியில் நின்றால் மூக்கிலேயே தெரியும்.

எக்ஸ் ஹாஸ்டல்
அந்த ஃபேக்டரி லேபில்தான் ஒரு சீசன் நான் இருந்தேன், பெயர் வேண்டாம். பன்னிரண்டு மணி நேர நைட் ஷிஃப்ட். கடைசியில் சர்ட்டிஃபிகேட் கேட்டதற்கு "அடுத்த சீசனுக்கு வா, பார்க்கலாம்" என்றார்கள். இன்னொன்று, தோப்புக்காரரே, நீங்களே மறந்துவிட்டீர்கள். கூழுக்கு அதிகம் போவது 'பெங்களூரா' ரக மாம்பழம். அதன் வரத்து சூடு பிடிக்க ஜூன் ஆகும். தம்பிக்கு ஜூன் பாதியில் காலேஜ் திறந்துவிடும். அப்புறம் எந்த ஃபேக்டரி இவரை எடுக்கும்?

மாங்கொட்டை
அது சரி. அதை ஒத்துக்கொள்கிறேன். மே மாதம் அல்போன்சா கூழ் ஓடும், ஆனால் அதற்குப் புது ஆள் எடுப்பது அபூர்வம்தான். தோப்பில் தரம் பிரிக்கிற வேலை உண்டு.

வெண்ணிலா_03
இரண்டு பேரும் ஆண்கள் என்பது நன்றாகத் தெரிகிறது. போன வருடம் நானும் ஹாஸ்டல் மூடிய பிறகு தங்கலாம் என்று ரூம் தேடினேன். ஏழு வீடு. "தனியாவா? அப்பா அம்மா வருவாங்களா?" என்பதைத் தாண்டி ஒருவரும் வாடகை எவ்வளவு என்று சொல்லக்கூட இல்லை. எட்டாவது வீட்டில் கொடுத்தார்கள், ராத்திரி ஏழு மணிக்குக் கேட்டைப் பூட்டுவோம் என்ற நிபந்தனையோடு. இந்த "சும்மா இருக்கிற" சுகமெல்லாம் உங்களுக்குத்தான் கிடைக்கும்.

ஆனாலும் தங்கினேன். மாவட்ட நூலகத்தில் குரூப் தேர்வுக்குப் படிக்கிறவர்கள் கூட்டத்தில் ஒரு நாற்காலி பிடிக்க எட்டரைக்கே போவேன். ஒரு ஞாயிறு விடியலில் மலைக்கோட்டைக்கு ஏறினோம், நாலு பெண்கள். 1791இல் கும்பெனிப் படை ஏறப் பார்த்துத் தோற்றுத் திரும்பிய மலை. மேலே தர்காவில் ஒரு பாட்டி எங்களுக்குத் தண்ணீர் கொடுத்து "இந்த வெயில்ல எதுக்குடி வந்தீங்க" என்று திட்டினார். உருதும் தமிழும் கலந்த திட்டு. இரண்டு வருடம் இங்கே படித்தும் அதற்கு முன் நான் அந்த மலையைப் பஸ் ஜன்னலில்தான் பார்த்திருக்கிறேன்.

தகடூரான்
தர்மபுரிக்கு வந்துவிடுங்கள் தம்பி. கிருஷ்ணகிரிக்கு ரயிலாவது இருக்கிறதா? மாவட்டத் தலைநகர், ஸ்டேஷன் கிடையாது. எங்களுக்கு ஒகேனக்கல் இருக்கிறது, மே மாதம் தண்ணீர் குறைவாக இருப்பதால் பரிசலும் ஓடும், எண்ணெய்க் குளியல், மீன் வறுவல்.

மாங்கொட்டை
ஆரம்பித்துவிட்டார். 2004 வரை நாங்களும் தர்மபுரி மாவட்டம்தானே, அப்போதே ஒரு ஸ்டேஷன் கேட்டு வாங்கிக் கொடுத்திருக்கலாமே? மீன் வறுவல் எங்கள் கிருஷ்ணகிரி அணை, கே.ஆர்.பி. டேமிலும் கிடைக்கும். 1957இல் காமராஜர் திறந்த அணை, ஞாபகம் இருக்கட்டும்.

எக்ஸ் ஹாஸ்டல்
தென்பெண்ணையில் உங்கள் டேமுக்கு மேலே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கி வருவதைப் பேப்பரில் பார்த்துக்கொண்டே கீழே மீன் சாப்பிடுகிறீர்கள். தைரியம்தான்.

தம்பி, கடைசியாக ஒன்று. நான் தோற்றது வெயிலால் இல்லை. எனக்குக் காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லை. வெண்ணிலாவுக்கு நூலக நாற்காலி இருந்தது. உனக்கு அப்படி ஒன்று இருந்தால் தங்கு. இல்லாவிட்டால் பெங்களூரு வேண்டாம் என்றால் ஓசூர் சிப்காட்டிலாவது கேட்டுப் பார், 50 கிலோமீட்டர்தான்.

உப்பளத்தான்
எல்லாருக்கும் நன்றி. மே முழுக்கத் தங்குகிறேன். காலையில் நூலகம், வாரத்தில் இரண்டு நாள் மாங்கொட்டை அண்ணன் தோப்பில் தரம் பிரிப்பு (சம்பளம் பற்றி அவர் இன்னும் வாய் திறக்கவில்லை). ஜூன் முதல் வாரம் வீட்டுக்குப் போய் அம்மாவைச் சமாதானம் செய்ய வேண்டும்.

தகடூரான் அண்ணா, பரிசலுக்கு ஒரு ஞாயிறு வருகிறேன். அப்புறம், கிருஷ்ணகிரி பஸ் ஸ்டாண்ட் பக்கம் ராத்திரி பத்து மணிக்கு மேல் தயிர்சாதம் கிடைக்கிற கடை யாருக்காவது தெரியுமா? மெஸ் அக்கா உண்மையிலேயே ஊருக்குப் போகிறாராம்.

மாங்கொட்டை
சம்பளம் பழமாக.