ஆச்சி வீட்டு குரூப், ஞாயிறு காலை

அம்மா: ஆச்சி காலையிலேருந்து தனியா சிரிச்சிட்டு இருக்கா. யாரு என்ன படம் போட்டுக் குடுத்தது?

தீபா: நான்தாம்மா, பென் டிரைவ்ல போட்டு வெச்சேன். அமெரிக்க காமெடி நடிகர் பஸ்டர் கீட்டனோட 'ஸ்டீம்போட் பில் ஜூனியர்', 1928.

கௌரி அத்தை: ஊமைப் படமா? அம்மாவுக்குத் தோதுதான்.

அம்மா: ஆமா மதினி. காது மெஷினைக் கழட்டி டப்பாவுல போட்டுட்டா. சீரியல்னா "என்ன சொன்னான், என்ன சொன்னான்"னு என் உயிரை எடுப்பா.

மணி சித்தப்பா: எல்லாம் ஒண்ணுதான். நாலு பேரு தறிகெட்டு ஓடுவான், விழுவான்.

தீபா: அப்போ கேமராவைக் கையால சுத்துவாங்க சித்தப்பா. செகண்டுக்கு 16, 20 பிரேம்னு, அதாவது அத்தனை தனித்தனி படமா, எடுத்ததை 24ல ஓட்டினா ஓடத்தான் செய்வான். வேகம் வேணும்னா வேணும்னே மெதுவா சுத்துறதும் உண்டு.

கார்த்தி: அக்கா, கீட்டன் மேல வீடு விழுற சீன்ல அது அட்டைதானே?

தீபா: போடா. முன்சுவர் மட்டும் ரெண்டு டன்னுனு சொல்றாங்க. புயல்ல அப்படியே பேந்து அவன் மேல சாயும். மாடி ஜன்னல் திறந்திருக்கும், சரியா அந்த ஓட்டைக்குள்ள இவன் நிப்பான். ரெண்டு பக்கமும் சில அங்குலம்தான் இடைவெளி. கால் வெக்கிற இடத்துக்கு ஆணி அடிச்சு அடையாளம் வெச்சாங்க. ஒரு சாண் தள்ளி நின்னா ஆளு காலி.

கௌரி அத்தை: யம்மாடி! பெத்தவ பாத்தா தாங்குவாளா?

தீபா: பெத்தவங்கதான் அத்தை பழக்கினதே 😄 சின்னப் புள்ளையில மேடையில அவங்க அப்பா இவனைத் தூக்கி எறிவாராம். தூக்க வசதியா சட்டை முதுகுல பெட்டிக் கைப்பிடி தெச்சிருந்தாங்க. விழுந்துட்டு இவன் சிரிச்சா ஜனம் சும்மா இருக்கும், உம்முனு நின்னா கொட்டகையே அதிரும். அப்போ பிடிச்ச முகம் அது.

கார்த்தி: எனக்கு உசரமான கட்டடத்துக் கடிகாரத்துல தொங்குறவர்தான். ஹெரால்ட் லாய்டு, 1923 படம்.

தீபா: அவர் வலது கையை உத்துப் பாரு. 1919ல போட்டோவுக்கு நிக்கும்போது, டம்மினு நெனச்ச குண்டு வெடிச்சு கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போச்சு. செயற்கை விரல் வெச்ச உறையை மாட்டிட்டுத் தொங்குறார். மொட்டை மாடியில செட் போட்டு, கீழ மெத்தை விரிச்சு எடுத்ததுதான். அந்தக் கையோட தொங்கினது நிஜம்.

மணி சித்தப்பா: லே கார்த்தி, அந்தச் சுவர் துண்டை மட்டும் எனக்கு அனுப்பு.

கார்த்தி: எல்லாம் ஒண்ணுதான்னீங்க 😂

கௌரி அத்தை: கீட்டனைப் பாத்தா எனக்குப் பயமாத்தான் இருக்கு. சாப்ளின்தான் என் ஆளு. பசியில ஷூவை வேக வெச்சு, கயித்தை நூடுல்ஸாட்டம் சுத்தி, ஆணியை எலும்பு உறிஞ்சுற மாதிரி உறிஞ்சுவானே! சிரிக்கவா அழவானு தெரியாது.

தீபா: 'தி கோல்டு ரஷ்', 1925. அந்த ஷூ அதிமதுர மிட்டாய்ல செஞ்சது.

அம்மா: ஆச்சிகிட்ட சொன்னேன். "அப்போ அவனுக்கு இருமலே வந்திருக்காது"ங்கா.

தீபா: ஆனா ஒண்ணு. எல்லாத்தையும் ரசிக்க முடியல. கீட்டனோட 'செவன் சான்ஸஸ்'ல ஒரு வெள்ளைக்காரர் முகத்துல கரி பூசிட்டு கறுப்பின வேலைக்காரரா வர்றார். அங்க எனக்குச் சிரிப்பு நின்னுபோச்சு. அதே படத்துல பாறையெல்லாம் உருண்டு துரத்துற இடம் வந்தப்போ திரும்ப வந்துட்டு.

மணி சித்தப்பா: மூணு தடவை பாத்துட்டேன். சுவர் விழுந்த பிறகும் அந்த மூஞ்சி மாறல பாருங்க! கண்ணு மட்டும் லேசா…

கௌரி அத்தை: மணி, அம்மா என்ன பண்றா?

அம்மா: கரண்ட் போயிட்டு மதினி. ஆச்சி டிவி முன்னாடியே உக்காந்திருக்கா. "அந்த உம்முணாமூஞ்சிப் பய தப்பிச்சானா இல்லையா"னு கேக்கா. தீபா, நீயே போன் பண்ணிச் சொல்லு.

தீபா: மெஷினை மாட்டச் சொல்லும்மா மொதல்ல.