பூசாரி அரசன் தோளில் இருப்பது அஜ்ரக்கா?

அவுரி: பாகிஸ்தானின் சிந்து மாகாணத்துப் பாலை மாவட்டம் தார்பார்க்கர் பற்றி இங்கே வந்த பதிவில் ரல்லித் தையல், பாடகி மாயி பாகி எல்லாம் சரி. கடைசியில் "மொகஞ்சதாரோ பூசாரி அரசன் போர்த்தியிருப்பது 5000 வருட அஜ்ரக் அச்சுத்துணி" என்று ஒரு போடு! பதினேழரை செ.மீ. மாக்கல் சிலை அது. அதன் மேலாடையில் செதுக்கிய மூவிலை வடிவத்தைப் பார்த்து அச்சுத்துணி என்று எப்படிச் சொன்னீர்கள்?

மணல்மேடு: எழுதியது நான்தான். அந்த மூவிலைக்குள் சிவப்புச் சாந்து இருந்த தடயம் உண்டு. அங்கே வெள்ளிப் பாத்திரத்தில் ஒட்டிக் கிடைத்த பருத்தித் துணியில் மஞ்சிட்டிச் சாயமும் உண்டு. படித்ததில்லையா?

அவுரி: படித்தேன் ஐயா. சாயம் வேறு, அச்சு வேறு. சிவப்பெல்லாம் அஜ்ரக் என்றால் எங்கள் வீட்டு மிளகாய்ச் சாக்கும் அஜ்ரக்தான். சுண்ணாம்பையும் பிசினையும் கலந்து மரக்கட்டையால் குத்தி, அந்த இடத்தில் சாயம் ஏறாமல் தடுத்து, அப்புறம் அவுரியில் முக்குவார்கள். அந்தத் தடுப்புதான் அஜ்ரக். கல்லில் அது எங்கே?

வேம்படி: பெயரே அரபியில் நீலத்தைக் குறிக்கும் 'அஸ்ரக்'கிலிருந்து வந்தது என்பார்கள். சிலையில் நீலம் ஏது?

மணல்மேடு: 'ஆஜ் ரக்', இன்றைக்கு வைத்திரு என்றும் சொல்வார்கள். சிந்துக்காரர்களுக்குத் தெரியாதது உங்களுக்குத் தெரியுமோ?

அவுரி: பெயர்க்காரணம் யார் கேட்டது? கல்லில் அச்சு எங்கே?

கடுக்காய்: சிந்து சிந்து என்கிறீர்களே, குஜராத்தின் கட்ச்சை மறந்தாச்சா? 2001 பூகம்பத்துக்குப் பிறகு தமட்கா கிராமத்திலிருந்து வந்து அஜ்ரக்பூர் என்ற ஊரையே உண்டாக்கியவர்கள் இருக்கிறார்கள்.

மணல்மேடு: அந்தக் கத்ரி அச்சுக்காரர்களின் முன்னோர் சிந்துவிலிருந்து போனவர்கள்தானே!

கடுக்காய்: போய் நானூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. இன்னும் விருந்தாளியா?

வேம்படி: மாயி பாகியை வெறும் 'சிந்திப் பாடகி' என்று எழுதியதும் தப்பு. தார்பார்க்கரின் டிப்லோவில் பிறந்தவர், தார் வட்டார மொழியான தாட்கியிலும் பாடியவர்.

மணல்மேடு: வந்துவிட்டார்! ரல்லியைப் 'போர்வை' என்று நான் எழுதியதற்குப் போன வருடம் நாலு நாள் சண்டை போட்டவர்தானே நீங்கள்?

வேம்படி: பழந்துணியை ஒட்டுப்போட்டு, அடுக்கித் தைப்பது ரல்லி. கீழே விரிக்கவும் செய்வார்கள். அன்றும் அதைத்தான் சொன்னேன், இன்றும் அதுதான்.

அவுரி: ரல்லியை விடுங்கள். சிலைக்கு 4000 வருடம் என்கிறார்கள், நீங்கள் 5000 போட்டிருக்கிறீர்கள். அதுகூடப் போகட்டும். கல்லில் அச்சு எங்கே?

மணல்மேடு: பதிவில் ஓர் எழுத்தையும் மாற்றமாட்டேன். அடுத்தது மங்கணியார் இசைக்காரர்களின் கமாய்ச்சா என்ற நரம்பு வாத்தியம் பற்றி. அதற்கும் வந்து நில்லுங்கள்.

அவுரி: வருவேன். அதுவரை, அச்சு எங்கே?